வெள்ளிக்கிழமைக் காது

பாட்டு வந்துவிட்டது.

பந்தலுக்குள் நாலைந்து போன்கள் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. பிளாஸ்டிக் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்த செரின் தன் போனைத் திருப்பிப் பார்த்தாள். ஈரச்சுவர் இசைக்குழுவின் புதிய பாடல், சற்றுமுன்.

அதைப் பாடியவன் வீட்டுக்குள் ஐஸ் பெட்டியில் கிடந்தான்.

யாராலும் அதை நிறுத்த முடியவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் வெளியாகும்படி போன வாரமே ஏற்றி வைத்துவிட்டான். பாஸ்வேர்ட் அவனுக்கு மட்டும்தான் தெரியும். டிரம்ஸ் வாசிக்கும் அபினேஷ் காலையிலிருந்து தோன்றியதையெல்லாம் அடித்துப் பார்த்தான். கடைசியில் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அழுதான்.

கிளாட்வின் ஏன் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அவன் அம்மா, வருகிற ஒவ்வொருவரின் கையையும் பிடித்து ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒன்ட்ட எதுவும் சொன்னானா மக்கா?"

இல்லை என்று தலையாட்டினால் கையை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

செரினிடம் இன்னும் வரவில்லை.

தூத்துக்குடியில் ராக் இசை கேட்கிறவர்களை ஒரே வேனில் ஏற்றிவிடலாம். அந்த வேனில் இருக்கும் அத்தனை பேரும் செரினின் இணையப் பக்கத்தைப் படிப்பார்கள். 'வெள்ளிக்கிழமைக் காது' என்று பெயர் வைத்திருந்தாள். வாராவாரம் வெளியாகும் பாட்டுகளைக் கேட்டு, முகத்தில் அடித்தாற்போல் எழுதுவாள். ஒரு சென்னைக் குழுவின் கிடாரைக் கேட்டுவிட்டு, எங்கள் வீட்டு மிக்ஸிகூட இதைவிட ஸ்ருதி சேரும் என்று எழுதியவள். நிலா, மழை, கண்ணீர் மூன்றும் ஒரே பாட்டில் வந்தால் பூஜ்ஜியம்.

ஈரச்சுவருக்கும் சலுகை கிடையாது. அவர்களுடைய முதல் பாட்டைக் கிழித்துத் தொங்கவிட்டாள். கிளாட்வின் அதை அச்செடுத்துத் தன் அறைக்கதவில் ஒட்டினான். அப்படித்தான் பழக்கமானார்கள்.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. வெளியாகாத பாட்டைக் கேட்க மாட்டாள். டெமோ வேண்டாம். ரகசியமாக அனுப்புவதும் வேண்டாம். எல்லாருக்கும் என்றைக்கோ, அன்றைக்குத்தான் அவளுக்கும். முன்னாலேயே கேட்டுவிட்டு எழுதுவது விமர்சனமில்லை, ஜால்ரா என்பாள். அப்படிச் சொல்வதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

போன சனிக்கிழமை கிளாட்வின் ஒரு ஃபைல் அனுப்பியிருந்தான்.

'ஒனக்கு மட்டும். இப்பவே கேளு.'

'சட்டம் சட்டம்தான்' என்று பதில் போட்டாள். கூடவே சிரிக்கிற முகம் ஒன்று.

அவன் பார்த்துவிட்டான். ஆனால் பதில் எழுதவில்லை. கோபம் போல என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை நாலு வரி நல்லதாக எழுதினால் சரியாகிவிடும் என்றும் நினைத்தாள்.

உள்ளே சபைப் பெண்கள் ஞானப்பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். செரின் இயர்போனைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

முதலில், வெளியான பாட்டைக் கேட்டாள்.

வேகமான பாட்டு. பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவன் பஸ்ஸோடு போடும் சண்டை. டிரம்ஸ் கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது. பேஸ் கிடார் அடியில் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. சரணத்தில் குரல் உடைகிற இடம், அவன் இதுவரை பாடியதிலேயே நல்ல இடம்.

இந்த நேரத்திலும் மனசு மார்க் போடுகிறதே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

பாட்டு முடிந்தது. எவ்வளவு தேடினாலும் அதில் ஒன்றும் இல்லை. சிரிக்கச் சிரிக்க எழுதிய பாட்டு. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. முன்னாலேயே கேட்டிருந்தாலும் எதுவும் தெரிந்திருக்காது.

பிறகு அவன் அனுப்பிய ஃபைலைத் திறந்தாள்.

அதே பாட்டுதான். நீளம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

கடைசிக் கிடார் ஓய்ந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி நகரும் சத்தம். அவன் மூச்சு.

"செரின்... கேட்டியாட்டி? பாட்டு கெடக்கட்டும். இன்னைக்கே ஒரு போன் போடு. எனக்கு என்னமோ சரியில்லட்டி. நானா கூப்புட்டா பேச வராது. நீ போடு."

அவ்வளவுதான்.

சனிக்கிழமை. ஞாயிறு. திங்கள். அவன் காத்திருந்த நாட்கள் எல்லாவற்றிலும் அவள் சும்மாதான் இருந்தாள்.

"ஒன்ட்ட எதுவும் சொன்னானா மக்கா?"

கிளாட்வினின் அம்மா எதிரே நின்றிருந்தாள். செரின் போனைக் கவிழ்த்துப் பிடித்தாள். அம்மாவின் கண் இயர்போன் மேல் போயிற்று.

"அவன் பாட்டா? எனக்கும் போட்டுக் காட்டு."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு இயர்போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். பழக்கமில்லாததால் அது நழுவியது. செரின்தான் சரியாகப் பொருத்திவிட்டாள்.

போனில் இரண்டும் இருந்தன. எல்லாருக்கும் வந்தது. அவளுக்கு மட்டும் வந்தது.

எல்லாருக்கும் வந்ததைத் தொட்டாள்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். டிரம்ஸ் சேர்ந்துகொண்டதும், அவளை அறியாமல் அவள் விரல் முழங்காலில் தாளம் போட்டது. குரல் உடைகிற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

பாட்டு ஓய்ந்தது. அம்மா இயர்போனை இன்னும் உள்ளே அழுத்திக்கொண்டாள்.

"முடிஞ்சிட்டா மக்கா?"

"முடிஞ்சிட்டு, ஆன்ட்டி."

அம்மா காதிலிருந்து கையை எடுக்கவில்லை.