கிளாராவின் மலையாளம்

ஜெர்மனியிலிருந்து ஒரு வருடம் படிக்க வந்த பள்ளி மாணவி கிளாராவுக்கு அன்று மலையாள வாய்மொழித் தேர்வு. தேறினால்தான் சான்றிதழ்.

அவளை வீட்டில் தங்க வைத்திருந்த, சாலைக் கடைத்தெருவில் அரிசிக்கடை வைத்திருக்கும் தாணுமாலயன், மனைவி முத்தாரம்மாளோடு கூடவே வந்திருந்தார்.

"ஸ்கூல்ல எல்லாரும் இவகிட்ட இங்கிலீஷ்லதான் பேசுவாவ, சாரே. மலையாளம் முழுக்க நாங்க சொல்லிக் குடுத்தது. கேட்டா அசந்துருவிய!" என்றார் தேர்வாளரிடம்.

தேர்வாளர் சிரித்துக்கொண்டே, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கிளாராவிடம் மலையாளத்தில் கேட்டார்.

"புட்டும் பயறும் தின்னேன், சாரே. அம்மா பப்படம் பொரிச்சுத் தந்தாவ. வயிறு முட்டிப் போச்சு, கேட்டியளா!"

முத்தாரம்மாள் பெருமையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தேர்வாளர் பேனாவை மூடி வைத்தார்.

"குட்டி நல்லாப் பேசுது, சாரே. பக்ஷே இது மலையாளம் இல்ல. தமிழாணு."

தாணுமாலயனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனைவியிடம் திரும்பினார்.

"ஏட்டி, அப்போ திருநெல்வேலியில ஒங்க அண்ணன் முப்பது வருஷமா என்னைய எதுக்கு மலையாளத்தான்னு கூப்பிடுதான்?"