மஞ்சக்குட்டைக்கு மேல் ஒரு மேகம்

மேகத்தின் தடிமனை விமானத்திலிருந்து அளக்கும் லேசர்க் கருவியின் முன் உட்கார்ந்திருந்த ஜேசுதாஸ், கீழே சொந்த ஊரான மஞ்சக்குட்டை வந்ததும் சிரித்துவிட்டான்.

"வானம் தெளிவா இருக்கு. இங்க மட்டும் என்னப்பா ஒரு துண்டு மேகம்?" என்றார் அதிகாரி.

"மேகமில்லைங்க சார், எங்கம்மா. விமானச் சத்தம் கேட்டதும் பச்சத்தழை போட்டுப் புகை மூட்டச் சொல்லியிருந்தேனுங்க. மேலிருந்து எங்க ஊடு தெரியட்டும்னு."

"முந்நூறு மீட்டர் காட்டுதே?"

"எங்கம்மா எதையும் கொஞ்சமா செய்யமாட்டாங்க சார்." பெருமையோடு குறித்துக்கொண்டான்.

மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பக்கத்து வீட்டு இன்பமேரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஈரத்தழை புகையலைன்னு மண்ணெண்ணெய ஊத்திட்டா உங்கம்மா, சாமி. சேலையில பத்தி, கூரைக்கும் ஏறிருச்சு. உன்ற விமானச் சத்தத்துல அவ கத்துனது எங்களுக்குக் கேக்கலியே."