பேர் தெரியாத எஞ்சின்

"நான் இருக்கேன், டிரைவர் முத்துப்பாண்டி இருக்கான், நீங்க இருக்கீக, இந்தம்மாவும் நிக்காக. நாலு பேருக்கு முன்னால சொல்லுங்க மெக்கானிக். இது என்ன எஞ்சின்?"

சுந்தரபாண்டியன் கைத்தடியை ஊன்றி, முதுகு வளையாமல் நின்று கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில், 'டீசல் வண்டிகள் மட்டும்' என்று பலகை தொங்கும் பட்டறையில், அவருடைய அப்பா காலத்து ஜீப் பானட்டைத் திறந்துகொண்டு நின்றது.

மெக்கானிக் எட்வின் மண்ணெண்ணெயில் தோய்த்த கம்பி பிரஷால் எஞ்சினின் பக்கவாட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அவன் மனைவி கார்த்திகா டீ டம்ளருடன் தூணோரம் நின்றாள்.

முத்துப்பாண்டி வத்திராயிருப்புக்காரன். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. முதலாளி சுந்தரபாண்டியனின் ஊரான ராஜபாளையத்தில் தெருவுக்கு ஒரு பட்டறை இருக்க, அவர் ஏன் வாரம் தவறாமல் இவ்வளவு தூரம் வண்டியை விடச் சொல்கிறார் என்பது அவனுக்கு விளங்கவே இல்லை. ஜீப்பில் முதலில் இருந்த பெட்ரோல் எஞ்சின் இன்னமும் மாட்டுக்கொட்டகையில், தார்ப்பாய்க்குள், ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த அதைக் கழற்றிவிட்டு, எந்தப் பழைய இரும்புக் கடையிலிருந்தோ இந்த டீசல் எஞ்சினை வாங்கி மாட்டியிருக்கிறார். ஓட்டினால் ஸ்டியரிங் கையை உதறுகிறது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் நின்றால், இது இன்ன எஞ்சின் என்று சொல்ல ஆள் இல்லை.

நேற்று முதலாளியின் மகன் பாண்டிதுரை முடிவாகச் சொல்லிவிட்டான். எங்கிருந்து வந்தது என்றே தெரியாததை வீட்டு வண்டியில் வைத்திருப்பது குடும்பத்துக்கு மரியாதை இல்லையாம். பேர் தெரிந்தால் இருக்கட்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை அதை இறக்கிவிட்டுப் பழைய எஞ்சினையே மாட்டப் போகிறானாம். அதைக் கேட்டதிலிருந்து முதலாளிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கார்த்திகா டீயை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவள் டம்ளரை ஜீப்பின் மட்கார்டு மேல் வைத்துவிட்டு நகர்ந்தாள். பிறகு அவர் எடுத்துக் குடித்தார். எப்போதும் இப்படித்தான். பணக்காரத் திமிர் என்று முத்துப்பாண்டி முதலில் நினைத்தான். ஆனால் ஊரில் எல்லோரையும் 'ஏலே' போட்டுக் கூப்பிடுகிறவர், கிரீஸ் கையோடு நிற்கும் இந்த இளவட்டத்தை மட்டும் 'வாங்க, போங்க' என்பார். அதுதான் கணக்கில் இடித்தது.

"வெயிலு அடிக்கி. உள்ள வந்து ஃபேனுக்கடியில உக்காருங்கய்யா," என்றான் எட்வின். பட்டறைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு.

"வந்தது வண்டிக்கு."

சொல்லிவிட்டு முத்துப்பாண்டியின் பக்கம் திரும்பினார். "ஏலே, பின்னால கெடக்க மாம்பழக் கூடைய எறக்கி வை. டீசல் எஞ்சின் கனம். வண்டியில வேற பாரம் கூடாது."

போன வாரம் தேங்காய், அதற்கு முன்னால் புது அரிசி. பாரமெல்லாம் இங்கே இறங்கியதோடு சரி. திரும்பும்போது எதுவும் ஏறியதில்லை.

எட்வின் நிமிர்ந்தான். எஞ்சின் நம்பர் முழுக்கத் தேய்ந்து போயிருக்கிறது என்றான். தொழிலில் பொய் சொல்லிப் பழகாதவன். தலையைக் குனிந்துகொண்டே மனதில் பட்டதைச் சொன்னான்.

"ஐயா, பெட்ரோலுக்குன்னு செஞ்ச சேஸிஸ் இது. டீசலோட ஆட்டம் ஒங்க இடுப்புக்கும் ஆகாது. பழைய எஞ்சினையே மாட்டிட்டா ராஜபாளையத்துலயே பாத்துக்கிடலாம். இம்புட்டு தூரம் அலைய வேண்டியதில்ல."

டம்ளர் வாய்க்குப் போகாமல் நின்றது. கைத்தடியைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. பஞ்சாயத்தில் உட்கார்ந்து பத்துப் பேருக்கு நியாயம் சொல்லுகிற மனுசர், ஒரு பழைய எஞ்சினுக்காக இப்படி முகம் வாடி நிற்பார் என்று முத்துப்பாண்டி நினைத்ததே இல்லை.

"இன்னொரு தரம் பாருங்க." கார்த்திகாதான் புருஷனிடம் சொன்னாள். "நம்பரு போனாப் போகுது. வேற எத வச்சாவது பாருங்க."

எட்வின் அவளைப் பார்த்தான். பெரியவரைப் பார்த்தான். செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி குனிந்தான். இந்தத் தடவை வெகுநேரம் எழவில்லை.

"தெரிஞ்சிருச்சு. பம்ப்பு இருக்க பக்கமும் ஹெட்டு போல்ட்டு வரிசையும் வச்சுச் சொல்றேன். பழைய லோடு வேன் எஞ்சின். மலையடிவாரத்துல தேங்கா ஏத்துனதெல்லாம் இதுதான். சாமான் கெடைக்கும், கவலையில்ல."

"நாலு பேரு கேட்டாச்சு," என்றார் சுந்தரபாண்டியன். மூச்சு இப்போதுதான் சீராக வந்தது.

"ஆனா ஒண்ணுய்யா. மவுண்டிங் போல்ட்டு லூசாகும், முறுக்கணும். டீசல் ஃபில்டர்ல சேருற தண்ணிய எறக்கணும். வாரம் ஒருக்க கட்டாயம் கொண்டாந்துரணும்."

"நடுவுல ஒருநா வந்து செத்த நேரம் பாத்துட்டுப் போனாலும் தப்பில்லயே?"

"எஞ்சினுக்கு ரொம்ப நல்லதுய்யா."

அவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். வண்டி உறுமிக் குலுங்கியது. முத்துப்பாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான். மாம்பழக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெரு முனையில் வண்டி மறையும்வரை கார்த்திகா நின்றாள்.

பெட்ரோல் விலைக்குப் பயந்துதான் சுந்தரபாண்டியன் டீசல் எஞ்சினுக்கு மாறினார் என்று ராஜபாளையத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகள் கார்த்திகாவின் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று சொன்ன சொல்லை அவர் இன்றுவரை மீறவில்லை. மருமகன் பட்டறையில் டீசல் வண்டிகள் மட்டும்தான் பார்ப்பார்கள்.