கம்பத்தடி நேயர்

"ஒரே ஒரு நேயரைக் காட்டு. அப்புறம் நிலத்தை விக்கிற பேச்சையே எடுக்கமாட்டேன்."

"மெதுவா, சித்தப்பா! மைக் அணைஞ்சிருக்கான்னு பார்த்துட்டுச் சண்டை போடுங்க."

அணைந்துதான் இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டயர் கிடங்காக இருந்த அறையில் சித்தப்பா தொடங்கிய வானொலி நிலையம் அது. மத்திய அலையில், வானம் மனம் வைத்தால் ஆற்றுப்பாலம் வரை கேட்கும். இப்போது ஒலிபரப்புக் கம்பம் நிற்கிற நிலத்துக்கு நல்ல விலை வந்திருந்தது.

"ஏன், நம்ம கம்பத்தடி அம்மா இல்லையா?" என்றாள் அண்ணன் மகள். நிலையத்தின் ஒரே அறிவிப்பாளர் அவள்தான்.

"அது யாரு?"

"கம்பத்தை ஒட்டின வீடு. தினம் போன் பண்ணுவாங்க. நான் செய்தியில எங்கே உளறினேன், நீங்க விளம்பரத்துல எங்கே இருமினீங்க, எல்லாம் அத்துப்படி. கடைசியில ஒரே கேள்வி. 'இன்னிக்கு எப்போ முடியும்?' முடிஞ்சிடுமேன்னு அவ்வளவு ஏக்கம்!"

அந்த அம்மாவை அவள் பலமுறை மனதில் வரைந்து பார்த்திருக்கிறாள். ஜன்னலோர நாற்காலி, மடியில் சின்ன ரேடியோ, மூடிய கண்கள்.

"நான் இருமினதைக்கூடவா கேட்டாங்க?" என்றார் சித்தப்பா.

போன் அடித்தது.

"அவங்கதான்! நேரலையில போடறேன், நீங்களே பேசுங்க."

சித்தப்பா தலையைக் கோதிக்கொண்டு மைக் முன் உட்கார்ந்தார், யாரோ பார்க்கப்போவதுபோல.

"வணக்கம்மா!" என்றார். போனுக்குள்ளிருந்தும் அவர் குரலே "வணக்கம்மா" என்றது.

"பார்த்தீங்களா, இப்பவும் கேட்டுக்கிட்டே இருக்காங்க!" என்று கிசுகிசுத்தாள் அவள்.

சித்தப்பா உருகிவிட்டார். "அம்மா, உங்க ஒருத்தருக்காக இந்த நிலத்தை நான் விக்கப்போறதில்லை. இனிமே விடிய விடிய ஒலிபரப்பு. உங்களுக்கு ஒரு புது ரேடியோவும் பரிசு!"

சித்தப்பா பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"சந்தோஷத்துல வாயடைச்சுப்போச்சு," என்றார் சித்தப்பா, ஊருக்கே கேட்கும்படி.

"ரேடியோவா?" என்றது அந்தக் குரல் ஒருவழியாக. "எங்க வீட்டுல ரேடியோவே கிடையாதுங்க. நீங்க கம்பம் நட்ட நாள்லேர்ந்து அதோட அலை பட்டு எங்க வாசல்ல துருப்பிடிச்ச இரும்புக் கதவுதான் பாடுது, செய்தி வாசிக்குது, இருமுது. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்த நிலத்தை வித்துடறீங்களா?"