பூ சுற்றிய பியட்

பிளஸ் டூ முடிந்த கையோடு கிளாராவும் அவள் அம்மா அக்னசும் சேர்ந்து பழுதுபார்த்த பழைய பியட், அவர்களுடைய முதல் கார், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் மாதா கோயிலுக்குப் பூமாலையோடு போகும்போது வழியில் நின்றுவிட்டது.

அம்மா பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கிளாராவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பைக்கில் வந்த போலீஸ்காரர், பட்டுச்சேலையில் இருந்த கிளாராவைப் பார்த்து, "கல்யாணப் பொண்ணே வண்டி ஓட்டிக்கினு போவுதா?" என்றார்.

"நான் சரின்னு சொல்லணும்னு மாப்பிள்ளை ரொம்ப நாளா காத்துக்கினு இருந்தாருங்க. லேட்டானா பேஜாராயிடுவாரு" என்றாள் கிளாரா.

இன்ஜின் உறுமியது. அம்மா கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். கிளாரா திரும்பி, அம்மாவின் மூக்கிலிருந்த கரியைத் துடைத்துவிட்டு, கல்யாண முக்காட்டை அவள் தலையில் போர்த்தினாள்.

"நான் டிரைவர்தாங்க. பொண்ணு எங்கம்மா."

"ஜல்தி எடுடி" என்றாள் அம்மா, முகம் சிவக்க.