நாலாவது வெட்ஜ்

அடுத்தவர் பைக்குள் கையை விட்டு அவர் ஒரு மட்டையை உருவியதை, பை அறை அக்கா தன் கண்ணாலேயே பார்த்தாள்.

உருவியவர் கான்ட்ராக்டர். பை, பல் டாக்டருடையது. இன்னும் கால் மணி நேரத்தில் இரண்டு பேரும் கோல்ஃப் கிளப்பின் இறுதி ஆட்டத்தில் மோத வேண்டும்.

அக்கா வாசலில் நிற்பதைக் கான்ட்ராக்டரும் பார்த்துவிட்டார். பதறவில்லை. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்பது போலத் தலையை மட்டும் அசைத்தார். மட்டையைத் துண்டு அலமாரிக்குப் பின்னால் சாத்திவிட்டு வெளியே போய்விட்டார்.



பன்னிரண்டு வருடமாக உறுப்பினர்களின் மட்டைகளைத் துடைத்து, பைகளை அடுக்கி வைப்பவள் அவள். யார் பையில் என்ன இருக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. உருவப்பட்டது வெட்ஜ். மணலில் விழுந்த பந்தை அள்ளி மேலே தூக்கிவிடும் சாய்ந்த முகத்து மட்டை.

அதை எடுத்துப் போவதா வேண்டாமா என்றுதான் டாக்டர் காலையிலிருந்து தவித்துக் கொண்டிருந்தார். வழக்கமாக மூன்று வெட்ஜ்தான் வைத்திருப்பார். நேற்று நாலாவதாக ஒன்று வாங்கியிருந்தார். பையில் பதினாலு மட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஒன்று உள்ளே போனால் இன்னொன்று வெளியே வந்தாக வேண்டும். நாலாவது வெட்ஜை வைத்தார், நீள மட்டையை எடுத்தார். மறுபடி நீள மட்டையை வைத்தார், வெட்ஜை எடுத்தார். மனைவிக்குப் போன் போட்டுக் கேட்டார். "பல்லைப் பிடுங்க இவ்வளவு யோசிப்பீங்களா?" என்று அந்தம்மா போனை வைத்துவிட்டதாக அக்காவிடமே சொல்லிச் சிரித்தார். கடைசியில் ஆட்டத்துக்கு மணி அடித்ததும் அவசரமாகப் பையை மூடிவிட்டு முகம் கழுவப் போனார்.

அந்த இடைவெளியில்தான் இது நடந்தது.

வேறு யாராவது என்றால் அக்கா அப்போதே கத்தியிருப்பாள். ஆனால் கான்ட்ராக்டர் கிளப்பின் துணைத் தலைவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவள் வேலை போய்விடும். அதற்கும் மேலே, அவர் டாக்டருக்குச் சொந்தத் தங்கை புருஷன். இவர் கட்டிக் கொடுத்த டாக்டரின் கிளினிக்கில் கூரை ஒழுகிய விஷயத்தில் வாய்ச்சண்டை முற்றி, ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

ஆட்டம் இழுபறியாகப் போனது. அக்காவும் கூட்டத்தோடு போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழாவது குழியில் டாக்டரின் பந்து மணலில் புதைந்தது. பையில் இரண்டு முறை துழாவினார். நாலாவது வெட்ஜ் இல்லை. குழப்பத்தில் தானே அறையில் விட்டுவிட்டதாக நினைத்தாரோ என்னவோ, நெற்றியில் அடித்துக்கொண்டு பழைய வெட்ஜை உருவினார். நின்றார். அடித்தார்.

மணலோடு எழும்பிய பந்து கரையைத் தாண்டி மெல்ல இறங்கி, கொடியைப் பார்த்து உருண்டு, குழிக்குள் விழுந்தது. அந்தக் குழி டாக்டருக்கு.

அடுத்ததான கடைசிக் குழி சமன். ஒரே ஒரு குழி வித்தியாசத்தில் டாக்டர் ஜெயித்தார்.

ஜெயித்துவிட்டாரே, விட்டுவிடலாம் என்று அக்கா நினைத்துப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. இல்லாத மட்டையைத் தேடி அவர் பையைத் துழாவியது கண்ணுக்குள்ளேயே நின்றது. அலமாரிக்குப் பின்னாலிருந்த வெட்ஜை எடுத்துக்கொண்டு, செயலாளரும் ஆட்டக்காரர்களும் நின்ற இடத்துக்கே நேராகப் போனாள்.

"சார், இது டாக்டரோட மட்டை. ஆட்டத்துக்கு முன்னாடி இவர்தான் எடுத்து ஒளிச்சு வச்சார். என் வேலை போனாலும் பரவாயில்ல."

எல்லோரும் கான்ட்ராக்டரைப் பார்த்தார்கள். டாக்டரின் முகம் சிவந்துவிட்டது.

கான்ட்ராக்டர் கோபப்படவில்லை. "அந்தப் பையில எத்தனை இருக்குன்னு எண்ணுங்கம்மா" என்றார் அக்காவிடம்.

எண்ணினாள். பதினாலு. சந்தேகம் வந்து மறுபடி எண்ணினாள். பதினாலேதான். அவள் கையில் இருந்தது பதினைந்தாவது.

அவசரத்தில் டாக்டர் நாலாவது வெட்ஜை வைத்திருக்கிறார், நீள மட்டையை எடுக்க மறந்திருக்கிறார்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சொன்னார். பதினைந்தோடு டாக்டர் இறங்கியிருந்தால், விதிப்படி இரண்டு குழிகள் கான்ட்ராக்டருக்குப் போயிருக்கும். அவர் மட்டையைத் தொடாமல் விட்டு, பிறகு எண்ணச் சொல்லியிருந்தாலே கோப்பை அவருடையது.

அக்கா அந்த மனிதரை அப்போதுதான் முதல் முறையாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையிலிருந்த வெட்ஜ் திடீரென்று கனத்தது.

டாக்டர் அந்த வெட்ஜை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "ஏன் இதைப் போய் எடுத்தீங்க? நீள மட்டையை எடுத்திருக்கலாமே."

"நாலு வெட்ஜ் இருந்தா மணல்ல நின்னு யோசிப்பீங்க. மூணு இருந்தா அடிப்பீங்க."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மாப்பிள்ளை" என்றார்.

"ரெண்டையும் உள்ளே வச்சு மூடினதைப் பார்த்துட்டு, சொல்லத்தான் கிட்ட வந்தேன், மச்சான். ஆறு வருஷம் கழிச்சுப் பேசுற முதல் வார்த்தை உங்க தப்பைப் பத்தினதா இருக்க வேண்டாம்னு தோணுச்சு."