வீணாகாத தெரு

மகனிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டுமென்று காலையிலிருந்து அம்மா தவித்துக்கொண்டிருந்தாள். அவனோ கணினியை விட்டுத் தலை நிமிர்வதாக இல்லை. விளையாட்டில் நகரம் கட்டிக்கொண்டிருந்தான்.

“டேய், ஒரு நிமிஷம்...”

“இரும்மா, இந்தத் தெருவை முடிச்சிடறேன். இங்க வந்து பாரேன், ஒரு அடி இடம்கூட வீணாகல.”

அம்மா ஜன்னல் வழியே தெருவை எட்டிப் பார்த்துவிட்டு அவனருகில் வந்து நின்றாள். திரையில் நடுவே பள்ளிக்கூடம், சுற்றிலும் வீடுகள், ஓரத்தில் ஒரு ஆறு. ஒவ்வொரு வீட்டையும் ஒட்டி ஒரு சின்ன மஞ்சள் கட்டடம்.

“அது என்னடா மஞ்சளா?”

“வயசானவங்க வீடு. சூட்சுமமே அங்கதான் இருக்கு. பக்கத்துல வெச்சா அவங்களே குழந்தைங்களைப் பார்த்துக்குவாங்க. தனியா காப்பகம் கட்ட வேண்டாம்.”

“அவங்களுக்குச் சம்பளம்?”

“சம்பளமா? நல்லாக் கேட்ட போ!”

“அவங்களைத் தூக்கி ஆத்துக்கு அந்தப் பக்கம் வையேன்.”

“வெச்சா ஊரே படுத்துடும். அப்புறம் குழந்தைங்களை யாரு பார்த்துக்குவாங்க?”

“பெத்தவங்க.”

“விளையாட்டு தெரியாமப் பேசாதம்மா.”

உள்ளறையில் அவனுடைய இரட்டைக் குழந்தைகள் விழித்து அழ ஆரம்பித்தன.

“அம்மா, என்னன்னு போய்ப் பாரேன்” என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாசலில் காரின் ஹாரன் கேட்டது. அம்மா கட்டிலுக்கடியிலிருந்து தன் பெட்டியை இழுத்தாள். அந்தச் சத்தத்துக்குத்தான் அவன் திரும்பினான்.

“எங்கம்மா கிளம்பிட்ட?”

“பாலம் தாண்டி எனக்கு ஒரு வீடு பார்த்திருக்கேன். இன்னிக்கு அங்க குடி போறேன். அதைச் சொல்லத்தான் காலையிலேர்ந்து உன்னைச் சுத்திச் சுத்தி வரேன். குழந்தைங்க அழுவுதுங்க, நீ போய்ப் பாரு.”